அலுவலகக் கணினியைக் கண்காணித்தல்: நிறுவனத்தின் உரிமை எதுவரை?

ருமேனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பொறியாளராக இருந்த பர்புலெஸ்கு என்பவர், வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பதற்காக, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். 2007 ஜூலையில் அந்தக் கணக்கில் நடந்த உரையாடல்களை நிறுவனம் ஒரு வாரத்துக்கும் மேலாகப் பதிவு செய்தது. பிறகு அவரை அழைத்து, அலுவலக இணையத்தைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னபோது, அலுவல் விஷயத்துக்கு மட்டுமே பயன்படுத்தினேன் என்று அவர் எழுத்தில் பதில் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் 45 பக்க அச்சுப் பிரதி அவர் முன் வைக்கப்பட்டது. சகோதரரோடும், மணந்துகொள்ள இருந்த பெண்ணோடும் அவர் பேசியவை, உடல்நலம் பற்றியும் அந்தரங்க வாழ்க்கை பற்றியும் எழுதிய வரிகள் உட்பட, சொல்லுக்குச் சொல் அதில் இருந்தன. ஆகஸ்ட் 1 அன்று அவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

நிறுவனத்தின் வாதம் எவருக்கும் எளிதில் புரியக்கூடியது. கணினி எங்களுடையது, இணைய இணைப்பு எங்களுடையது, வேலை நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறோம், சொந்த உபயோகம் கூடாது என்று விதியும் எழுதி வைத்திருக்கிறோம், பிறகு எங்கள் கணினியில் நடப்பதை நாங்கள் பார்ப்பதில் என்ன தவறு? பர்புலெஸ்கு வழக்குத் தொடுத்தபோது ருமேனிய நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் அமர்வும் 2016 ஜனவரியில் 6க்கு 1 என்ற பெரும்பான்மையில் நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆனால் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு 2017 செப்டம்பர் 5 அன்று, 11க்கு 6 என்ற பெரும்பான்மையில், அவருடைய தனிவாழ்வுக்கான உரிமை பாதுகாக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும், பணியிடத்தில் ஒருவர் பிறரோடு கொள்ளும் தனிப்பட்ட உறவை நிறுவனத்தின் உத்தரவால் பூஜ்யமாக்கிவிட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் மையம்.

இந்தத் தீர்ப்பு கண்காணிப்பைத் தடை செய்துவிட்டதாக அப்போது பலர் எழுதினார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை. கண்காணிப்பு நடக்கும் என்பதையும், அது எந்த அளவுக்குப் போகும் என்பதையும் பணியாளருக்கு முன்கூட்டியே தெரிவித்தார்களா, செய்தி போனதா வந்ததா என்று பார்த்தார்களா அல்லது செய்தியின் உள்ளடக்கத்தையே படித்தார்களா, படிப்பதற்கு உறுதியான காரணம் இருந்ததா, இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா, படித்ததன் விளைவு பணியாளரை எவ்வளவு பாதித்தது என்ற கேள்விகளை உள்நாட்டு நீதிமன்றங்கள் கேட்காமல் விட்டுவிட்டன என்பதுதான் பேரமர்வு கண்ட குறை. பணியிடக் கண்காணிப்பைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இந்தக் கேள்விப் பட்டியலே மிகப் பயனுள்ளது என்று கருதுகிறேன். நிறுவனம் பார்க்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதால்தான் இந்த விவகாரம் பல அலுவலகங்களில் ஒரு முடிவுக்கு வருவதே இல்லை.

அந்தக் கேள்விகளில், குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பதற்கு நான் மற்றவற்றைவிட அதிக எடை கொடுப்பேன். இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதும் பணியாளரைக் கண்காணிப்பதும் ஒரே மென்பொருளில், ஒரே திரையில், ஒரே பிரிவின் கையில் இருப்பதால் ஒன்றாகவே பேசப்படுகின்றன. உண்மையில் இவை வேறு வேறு செயல்கள். ஒரு தளத்தைத் தடுக்கும்போது தடுக்கப்பட்டது என்று பணியாளருக்கே திரையில் தெரிகிறது; அவர் காரணம் கேட்கலாம், அனுமதி கோரலாம், முறையிடலாம். பின்னாலிருந்து பார்க்கும்போது அவருக்கு எதுவும் தெரிவதில்லை. தடுப்பால் தீரும் சிக்கலுக்குக் கண்காணிப்பைக் கையில் எடுப்பது தேவையற்ற அத்துமீறல். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஆணையங்களின் கூட்டுக்குழு 2017 ஜூனில் பணியிடத் தரவு பற்றி வெளியிட்ட கருத்துரையும், தவறைக் கண்டுபிடிப்பதைவிடத் தவறு நேராமல் தடுப்பதற்கே அதிக முக்கியத்துவம் தர வேண்டும் என்றது.

தடுப்பு எப்படி இயங்குகிறது

ஒரு முகவரியை உலாவியில் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டு ஒரு வினா டிஎன்எஸ் சேவையகத்துக்குப் போகிறது. அலுவலக வலையமைப்பில் அந்த வினா நிறுவனத்தின் சேவையகத்துக்கே முதலில் போகும் என்பதால், அங்கேயே பதில் மறுத்துவிட்டால் தளம் திறக்காது. தடுப்பு முறைகளில் இதுதான் மிக எளியது. இதற்கு அடுத்த நிலையில், போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும் அல்லது மறுக்கும் ஃபயர்வாலும், பணியாளரின் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று தகவலை வாங்கிக் கொடுக்கும் பிராக்ஸியும் இருக்கின்றன. சூதாட்டம், ஆபாசம், தீம்பொருள் (கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்), கோப்புப் பகிர்வு, சமூக ஊடகம் என்று கோடிக்கணக்கான தளங்களை வகை பிரித்து வைத்திருக்கும் பட்டியல்களை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. ஐடி பிரிவு எந்த வகையை மூடுவது என்று முடிவு செய்தால் போதும். ஒவ்வொரு தளமாகப் பார்க்க வேண்டியதில்லை.

இன்று பெரும்பாலான இணையப் போக்குவரத்து குறியாக்கம் செய்யப்பட்டே, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டே செல்கிறது. அதனால் வலையமைப்பின் நடுவில் இருப்பவருக்குப் பொதுவாகத் தெரிவது உறையின் மேலுள்ள முகவரி மட்டுமே: எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எப்போது, எவ்வளவு தரவு பரிமாறப்பட்டது என்பது தெரியும், எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது தெரியாது. நிறுவனங்கள் பல இதோடு நின்றுவிடுவதில்லை. பணியாளருக்குத் தரும் கணினியில் நிறுவனத்தின் சொந்த ரூட் சான்றிதழை (எந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்று உலாவிக்குச் சொல்லும் அடிப்படைச் சான்றிதழை) முன்கூட்டியே நிறுவிவிட்டால், நடுவில் இருக்கும் பிராக்ஸி குறியாக்கத்தைப் பிரித்து, உள்ளே இருப்பதைச் சோதித்து, மறுபடியும் குறியாக்கம் செய்து அனுப்ப முடியும். உலாவி எந்த எச்சரிக்கையும் காட்டாது. ஆனால் இதைக் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள சின்னத்தைச் சொடுக்கி, தளத்தின் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். பொதுவான சான்றிதழ் அமைப்பு ஒன்றின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ, பாதுகாப்புச் சாதனம் விற்கும் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அந்தப் பக்கத்தில் நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட அனைத்தும் நடுவில் ஒருமுறை திறக்கப்படுகிறது என்று பொருள்.

இதைச் செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தீம்பொருளும் குறியாக்கத்துக்குள் ஒளிந்துதான் வருகிறது, திருடப்படும் கோப்பும் குறியாக்கத்துக்குள்தான் வெளியே போகிறது. ஆனாலும் பொறுப்புள்ள ஐடி பிரிவுகள் வங்கி, மருத்துவம் ஆகிய வகைத் தளங்களை இந்தச் சோதனையிலிருந்து விலக்கி வைக்கின்றன. இந்த விலக்கு இருக்கிறதா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை என்றால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

தடுப்புக்கும் குறைகள் உண்டு. சொற்களை வைத்து வடிகட்டும் முறை, மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் கட்டுரையை ஆபாசம் என்று மூடிவிடும். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகர மக்களால் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் போனதற்குக் காரணம், ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததுதான். இதைவிடப் பெரிய சிக்கல், தேவைக்கு மேல் தடுத்தால் பணியாளர்கள் சுற்றுவழி தேடுவார்கள் என்பது. பெரிய கோப்பை அனுப்ப அலுவலகத்தில் வழி இல்லை என்றால் அவர்கள் அதைத் தங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி அங்கிருந்து அனுப்புவார்கள். நிறுவனம் எதைப் பாதுகாக்க நினைத்ததோ அது அதன் கையை விட்டே போய்விடும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் தளங்கள் வந்தபோதும் இதே கதை நடந்தது. பொறியாளர்கள் உள் நிரல்களை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்த பிறகு, 2023 மே மாதம் சாம்சங் நிறுவனம் அத்தகைய கருவிகளை அலுவலகச் சாதனங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. தடை மட்டும் போதாது, தடுத்த இடத்தில் அனுமதிக்கப்பட்ட மாற்று ஒன்றைத் தர வேண்டும் என்பதைப் பல நிறுவனங்கள் அந்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டன.

பார்ப்பதில் உள்ள படிகள்

கண்காணிப்பு என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட செயல்கள் வழங்கி வருகின்றன. எந்தக் கணினி எந்தத் தளத்தோடு எப்போது தொடர்பு கொண்டது என்ற வலையமைப்புப் பதிவு முதல் படி; இது ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் இருக்கும், பாதுகாப்புக்கு இது அவசியமும்கூட. அலுவலக மின்னஞ்சல், குழு உரையாடல், மேகக் கோப்பகம் ஆகியவற்றை நிர்வாகி திறந்து பார்க்கக்கூடிய வசதி இரண்டாவது. இருவருக்கு இடையே மட்டும் நடக்கும் நேரடிச் செய்தி தனிப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். அலுவலகக் கணக்கில் நடக்கும் அந்த உரையாடலையும், வாங்கியுள்ள சேவைத் திட்டத்தைப் பொறுத்து, நிறுவனம் ஏற்றுமதி செய்து படிக்க முடியும்.

மூன்றாவது படி, கணினிக்குள்ளேயே நிறுவப்படும் மென்பொருள். எந்தச் செயலி எத்தனை நிமிடம் திறந்திருந்தது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையில் என்ன இருந்தது, எந்த விசைகள் அழுத்தப்பட்டன, சுட்டி எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்பதை இது பதிவு செய்யும். சிலவற்றில் கேமராவையும் ஒலிவாங்கியையும் இயக்கும் வசதியும் இருக்கிறது. வலையமைப்புப் பதிவு இயந்திரத்தைப் பற்றிய தகவல். இதுவோ மனிதரைப் பற்றிய தகவல். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது கேமரா நிறுவனத்துக்குக் காட்டுவது குடும்பம் புழங்கும் அறையை. நெதர்லாந்தில் வீட்டிலிருந்து வேலை செய்த ஒருவர், நாள் முழுவதும் கேமராவை இயக்கி வைக்க மறுத்ததற்காக ஓர் அமெரிக்க நிறுவனத்தால் நீக்கப்பட்டார். டில்பர்க் நீதிமன்றம் 2022இல் அந்த நீக்கம் செல்லாது என்று சொல்லி, அவருக்குச் சுமார் 75,000 யூரோ வழங்க உத்தரவிட்டது.

நியாயமான காரணங்கள்

நிறுவனங்களின் தரப்பைக் குறைத்து மதிப்பிடுவது இந்த விவாதத்துக்கு நல்லதல்ல. ஒரே ஒரு பணியாளர் ஒரே ஒரு போலி மின்னஞ்சலின் இணைப்பைச் சொடுக்கினால் நிறுவனத்தின் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, பிணைத்தொகை கேட்கப்படும் காலம் இது. வலையமைப்புப் பதிவுகள் இல்லாத நிறுவனத்தால், உள்ளே நுழைந்தவர் எங்கிருந்து வந்தார், எதை எடுத்துப் போனார் என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அலுவலக மின்னஞ்சலில் ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து ஆபாசச் செய்திகள் வருகின்றன என்று புகார் வந்தால், விசாரிக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. விசாரிக்கச் சான்று வேண்டும்.

சில துறைகளில் பார்க்காமல் இருப்பதே குற்றம். நிதிச் சந்தைத் தரகு நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களின் அலுவல்ரீதியான செய்திகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. பணியாளர்கள் சொந்த அலைபேசியில் குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வணிகம் பேசியதைச் சேமிக்கத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 110 கோடி டாலருக்கும் மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. வாடிக்கையாளர்களைக் காக்க எழுதப்பட்ட சட்டம் இது. இங்கே கண்காணிப்புக்கு எல்லையும் நோக்கமும் தெளிவாக இருக்கின்றன.

உழைப்பை அளக்க முயலும்போது

பாதுகாப்புக்காக வாங்கிய கருவி, உழைப்பை அளக்கும் கருவியாக மாறும் இடத்தில்தான் பெரும்பாலான தீங்கு நடக்கிறது. இந்த ஆசை புதியதல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், கணினி வழியாகப் பணியாளர்களின் வேகத்தை அளப்பது பற்றி 1987இலேயே ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. அப்போது எண்ணப்பட்டவை தட்டச்சு விசைகளும் தொலைபேசி அழைப்புகளும். கொரோனா காலத்தில் அலுவலகங்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பழைய ஆசை மறுபடியும் தலைதூக்கியது. 2022இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய கணக்கெடுப்பில், தாங்கள் நன்றாக உழைப்பதாகப் பணியாளர்களில் 87 சதவீதத்தினர் சொன்னார்கள். தங்கள் குழுவினர் உழைக்கிறார்கள் என்று முழு நம்பிக்கை தெரிவித்த மேலாளர்கள் 12 சதவீதத்தினர் மட்டுமே. கண்காணிப்பு மென்பொருளின் சந்தை இந்த இடைவெளியில் வளர்ந்தது.

இதே மைக்ரோசாஃப்ட், 2020இல் தன் அலுவலகச் செயலிகளில் ஒரு பணித்திறன் மதிப்பெண்ணை அறிமுகப்படுத்தியது. யார் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், யார் கூட்டங்களில் கேமராவை இயக்கினார் என்பதைப் பெயரோடு நிர்வாகிகளுக்குக் காட்டும் வசதி அதில் இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும், டிசம்பர் 1 அன்று தனிநபர் பெயர்களை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. பெயரை நீக்கிய பிறகும் அந்தத் தகவல் நிறுவனத்துக்குப் பயன்படத்தான் செய்தது. எந்தப் பிரிவில் கூட்டங்கள் அதிகம், எந்தக் கருவியை யாருமே பயன்படுத்துவதில்லை என்பதை அறிய ஒருவருடைய பெயர் தேவையில்லை.

செயலற்ற நேரம் என்ற அளவை எவ்வளவு மோசமானது என்பதற்கு, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் முடிவு செய்த ஒரு வழக்கை நெருங்கிப் பார்க்கலாம். ஒரு வீடு, மனை வணிக நிறுவனம் தன் பணியாளர்கள் சிலரின் கணினிகளில் ஒரு மென்பொருளை நிறுவியிருந்தது. குறிப்பிட்ட நேரம் விசைப்பலகையும் சுட்டியும் அசையவில்லை என்றால் அது செயலற்ற நேரம் என்று குறிக்கப்படும்; அந்த வரம்பை 3 நிமிடம் முதல் 15 நிமிடம் வரை அமைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறிக்கப்பட்ட நேரத்துக்குப் பணியாளர் காரணம் சொல்லாவிட்டால் அல்லது ஈடு செய்யாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம் செய்யவும் இடம் இருந்தது. இடையிடையே திரையும் படம் பிடிக்கப்பட்டது. ஆணையம் சொன்ன காரணம் மிக எளிமையானது: கூட்டத்தில் இருப்பவரும், வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை, ஆனால் அவர்கள் வேலைதான் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது.

நாற்பது பக்க ஒப்பந்தத்தை ஒருவர் கவனமாகப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுட்டியை உருட்டுகிறார். மூன்று நிமிட வரம்பு வைத்த மென்பொருளின் கணக்கில் அவர் பாதி நேரத்துக்கு அருகில் சும்மா இருந்தவர் ஆகிவிடுவார். அதே நேரத்தில் படிக்காமலே பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகும் இன்னொருவர் முழு மதிப்பெண் வாங்குவார். இந்த அளவையை வைத்துச் சம்பள உயர்வு தீர்மானிக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், முதலாமவரும் சுட்டியை அசைக்கக் கற்றுக்கொள்வார். சுட்டியைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் இதற்காகவே விற்பனைக்கு வந்துவிட்டன. விசைப்பலகை இயங்குவது போலப் போலித் தோற்றம் உண்டாக்கியதாகக் கூறி, 2024 மே மாதம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. ஏமாற்றுவது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலையின் விளைவை மதிப்பிடும் இடத்தில் அந்த ஏமாற்றுக்கு இடமே இருந்திருக்காது.

பார்ப்பதால் உழைப்பு கூடுகிறது என்பதற்கும் ஆய்வுகள் ஆதரவாக இல்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஈதன் பெர்ன்ஸ்டைன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சீனாவில் ஓர் அலைபேசித் தொழிற்சாலையில் நடந்தது. உற்பத்தி வரிசைகள் சிலவற்றைச் சுற்றித் திரை போட்டு, மேலாளர்களின் பார்வையிலிருந்து மறைத்தபோது அந்த வரிசைகளின் உற்பத்தி 10 முதல் 15 சதவீதம் உயர்ந்தது. பார்வையில் இருந்தபோது தொழிலாளர்கள் விதிப்புத்தகத்தில் உள்ளபடி செய்து காட்டினார்கள். மறைவில் இருந்தபோது தாங்கள் கண்டறிந்த சிறந்த வழிகளில் செய்து, ஒருவருக்கொருவர் சொல்லியும் கொடுத்தார்கள். கணினி வேலைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். புதிய வழியை முயன்று பார்ப்பவரின் திரை, முதல் சில மணி நேரம் வீண்வேலை போலவே தெரியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் பிறர் பேச்சை இடைமறிப்பதைத் தடை செய்தாலும், பணியாளரின் சம்மதமும் வணிகத் தேவையும் அதில் விலக்குகளாக இருக்கின்றன. வேலையில் சேரும்போது கையெழுத்திடும் தாள்களில் அந்தச் சம்மதம் அடங்கிவிடுகிறது. மின்னஞ்சல்கள் ரகசியமாகவே இருக்கும் என்று நிறுவனம் உறுதி கொடுத்திருந்தும், அவற்றைப் படித்துப் பணிநீக்கம் செய்தது செல்லும் என்று பென்சில்வேனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மெல்ல மாற்றம் வந்திருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல், மின்னணுக் கண்காணிப்பு செய்யும் தனியார் நிறுவனங்கள் புதிதாகச் சேருவோருக்கு அதை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும்.

ஐரோப்பாவில் அடிப்படையே வேறு. வேலை கொடுப்பவர் கேட்கும்போது பணியாளர் உண்மையில் மறுக்க முடியாது என்பதால், அவருடைய சம்மதத்தைப் பெரும்பாலும் சட்ட ஆதாரமாக அங்கே ஏற்பதில்லை. தேவை, அளவு, முன்னறிவிப்பு என்ற மூன்றையும் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2001 அக்டோபரில், அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தத் தடை இருந்தாலும்கூட, தனிப்பட்டது என்று தெரியும் செய்தியை நிறுவனம் படிக்கக் கூடாது என்றது. ஜெர்மனியில் 2017 ஜூலையில் வந்த தீர்ப்பு இன்னும் நேரடியானது: உறுதியான சந்தேகம் எதுவும் இல்லாமல் ஓர் இணைய நிரலாளரின் கணினியில் விசை அழுத்தங்கள் அனைத்தையும் பதிவு செய்து, அதை வைத்து அவரை நீக்கியிருந்தார்கள், அந்தப் பதிவைச் சான்றாகவே ஏற்க முடியாது என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அந்நாட்டில், பணியாளர்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளைக் கொண்ட பணியாளர் மன்றம் உள்ள நிறுவனங்களில், பணியாளரின் நடத்தையைக் கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பம் எதையும் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், முகத்தையோ குரலையோ வைத்துப் பணியாளரின் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகளைப் பணியிடத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், வணிக உளவு, வணிக ரகசியக் கசிவு போன்ற இழப்புகளிலிருந்து நிறுவனத்தைக் காப்பதற்கும், பணியாளரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் பணி உறவை நிர்வகிப்பதற்குச் சம்மதம் தேவையில்லை என்றாலும், அறிவிக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் உள்ள வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கம் என்ற சொற்றொடரை நிறுவனங்கள் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதே என் கவலை. நோக்கம் என்று எதையும் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டால் சட்டம் இருப்பதில் பயன் குறைவு.

எழுத்தில் இருக்க வேண்டியவை

பல நிறுவனங்களின் கணினிப் பயன்பாட்டுக் கொள்கை, நிறுவனம் எந்த நேரத்திலும் எதையும் கண்காணிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறது என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. இது முன்னறிவிப்பு ஆகாது. எந்தப் பதிவுகள் எடுக்கப்படுகின்றன, உள்ளடக்கம் பார்க்கப்படுமா, திரை படம் பிடிக்கப்படுமா, பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், யார் திறக்கலாம், எந்தச் சூழ்நிலையில் திறக்கலாம், சொந்த உபயோகம் எவ்வளவு அனுமதிக்கப்படுகிறது என்பவை பணியாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒருவருடைய அஞ்சல் பெட்டியைத் திறக்க ஐடி பிரிவின் ஒருவர் மட்டும் போதும் என்ற நிலை இருக்கக் கூடாது. மனிதவளப் பிரிவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஒன்று வேண்டும், திறந்தவர் யார், எதைப் பார்த்தார் என்ற பதிவும் வேண்டும். மேலாளர் ஒருவர் தனக்குப் பிடிக்காதவரின் உரையாடல்களைத் தேடிப் படிப்பதைத் தடுக்க வேறு நடைமுறை வழி எனக்குத் தெரியவில்லை.

சொந்த அலைபேசியில் அலுவலக மின்னஞ்சலை வைத்துக்கொள்ளச் சொல்லும்போது சிக்கல் தலைகீழாகிறது. இங்கே சாதனம் பணியாளருடையது. ஆண்ட்ராய்டில் உள்ள பணிச் சுயவிவர வசதி, அலுவலகச் செயலிகளைத் தனி அறையில் வைத்து, மற்றவற்றை நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாமல் காக்கிறது. அத்தகைய பிரிப்பு இல்லாமல் அலைபேசி முழுவதையும் மேலாண்மை மென்பொருளின் கீழ்க் கொண்டுவந்தால், அலைபேசி தொலைந்ததாக அறிவிக்கும் நாளில் சொந்தப் புகைப்படங்களும் சேர்ந்து அழிக்கப்படலாம். அலைபேசியைச் சேர்க்கும் முன், அந்தப் பிரிப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பணியாளர் தரப்பிலும் கவனம் தேவை. நியூஜெர்சியில் ஒரு பெண் பணியாளர், நிறுவனத்தின் மடிக்கணினியில் தன் சொந்த மின்னஞ்சல் கணக்கைத் திறந்து வழக்கறிஞரோடு தொடர்பு கொண்டார். கடவுச்சொல்லைச் சேமிக்கவில்லை, நிறுவனத்தின் அஞ்சலைத் தொடவும் இல்லை. ஆனால் உலாவி ஒவ்வொரு பக்கத்தின் நகலையும் தற்காலிகக் கோப்பாக வட்டில் வைத்திருந்தது. அவர் வேலையை விட்டபின் நிறுவனம் அவற்றை மீட்டெடுத்துப் படித்தது. வழக்கறிஞரோடு பேசியதன் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு வழக்கறிஞர் ரகசியத்துக்குக் கிடைத்தது. மருத்துவரோடும் குடும்பத்தோடும் பேசியவற்றுக்கும் அது கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. இத்தகைய காரியங்களைச் சொந்தச் சாதனத்தில், சொந்த இணைய இணைப்பில் வைத்துக்கொள்வதே நல்லது.

வேலையை விட்டு ஒருவர் போகும் நாளைப் பற்றிக் கொள்கைகள் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. அன்று காலையே கணக்கு மூடப்படுகிறது, அஞ்சல் பெட்டி அப்படியே அடுத்தவருக்கு மாற்றப்படுகிறது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த தனிப்பட்ட செய்திகளும் அதோடு போகின்றன. கடைசி நாளுக்கு முன் தன் சொந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ளவும் அழிக்கவும் அவருக்கு மேற்பார்வையோடு கூடிய ஒரு வாய்ப்பு தரலாம். அவர் போன பிறகு, வருகிற அஞ்சல்களுக்குப் புதிய தொடர்பைச் சொல்லும் தானியங்கிப் பதிலைக் குறிப்பிட்ட காலம் வரை வைத்து, அந்தக் காலம் முடிந்ததும் பெட்டியை மூடிவிடலாம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய அலுவல் கடிதங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தால் போதும். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.